குழந்தையைக் கூப்பிட லேட் ஆனால் என்ன செய்வது?

சங்கரன்கோவிலில் விசைத்தறி நிற்கும் நேரமும் குழந்தைகள் காப்பகம் மூடும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும் என்பது 2017 முதல் சட்டம். சின்னத் தறிக்கூடங்கள் இதில் வராது. அங்கே வேலை பார்க்கும் அம்மாக்களுக்குத் தனியார் காப்பகமோ, பக்கத்து வீட்டு அக்காவோதான் கதி.

அதனால், சேர்க்கும் நாளிலேயே மூன்று விஷயங்களை எழுதி வைப்பது நல்லது: எத்தனை மணி வரை காத்திருப்பார்கள், பெற்றோர் வர முடியாவிட்டால் வேறு யார் இருவர் வருவார்கள், தாமதக் கட்டணம் எவ்வளவு. பட்டியலில் இல்லாதவர் வந்தால், சொந்தக்காரரே ஆனாலும், பெற்றோரிடம் போனில் கேட்காமல் அனுப்பக் கூடாது. யாரையுமே பிடிக்க முடியலையா? 1098-க்கு அழைக்கலாம்.

கூடுதல் கட்டணம் கேட்பது தப்பில்லை. பார்த்துக்கொள்பவருக்கும் வீடு இருக்கு. ஆனா அந்தக் கோபம் குழந்தை மேல் திரும்பக் கூடாது. லேட் பண்ணினது குழந்தை இல்லையே!