மூளை போச்சு சார்!

காரில் மஞ்சள் விளக்கு எரிகிறது. ஒர்க்‌ஷாப் போகிறீர்கள். ஒரு பையன் வயரைச் சொருகி, திரையைப் பார்த்து, உதட்டைப் பிதுக்குகிறான். ''ஈ.சி.எம். போச்சு சார். மாத்தணும்.''

ஈ.சி.எம். என்பது இன்ஜினின் கம்ப்யூட்டர். வண்டியின் மூளை என்றதுமே நமக்குக் கை நடுங்குகிறது. தலையாட்டிவிட்டு வருகிறோம். ''எதை வெச்சு சொல்றே?'' என்று கேட்பதில்லை.

கேளுங்கள் ஐயா! இன்ஜின் சூடானதும் நின்று, ஆறினதும் ஸ்டார்ட் ஆகிறதா? மூளைக் கோளாறாக இருக்கலாம். ஆனால், கிராங்க் சென்சார் கெட்டாலும் இதே கூத்துதான். சம்பந்தமில்லாத நாலைந்து கோடுகள் ஒரே நேரத்தில் வருகிறதா? ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலே மற்ற சென்சார்களுக்குப் போகிற 5 வோல்ட்டும் படுத்துவிடும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் குற்றவாளி மாட்டுவான். ஏ.பி.எஸ். எல்லாம் ஸ்கேனரோடு பேசுகிறது, இன்ஜின் பெட்டி மட்டும் வாயே திறக்கவில்லை என்றால் சந்தேகம் நியாயம். அப்போதும் முதலில் அந்தப் பெட்டிக்குக் கரன்ட்டும் எர்த்தும் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். வீக்கான பேட்டரி, துருப்பிடித்த எர்த் வயர், எலி கடித்த ஒயரிங், பச்சை பூத்த கனெக்டர்... இவை எல்லாம் மூளைச்சாவு வேஷம் போடும்.

நாமக்கல் பக்கம் இது இன்னும் பெரிய கதை. சங்ககிரி லாரி, திருச்செங்கோடு போர்வெல் வண்டி, நாமக்கல் கேஸ் டேங்கர் என்று லாரியை நம்பியே பிழைக்கிற ஊர்கள். ஒரு காலத்தில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே பம்ப்பா, நாசிலா என்று சொன்ன மேஸ்திரிகள் இருந்தார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 கட்டாயமானது. புகை குறைந்தது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் டீசல் எவ்வளவு, யூரியா எவ்வளவு என்று எல்லாவற்றையும் பெட்டி தீர்மானிக்க, மேஸ்திரியின் காதுக்கு வேலை போய்விட்டது.

இதே ஊரில்தான் பாடி கட்டுகிறார்கள். சேசிஸில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி டெர்மினலையும் கம்ப்யூட்டர் கனெக்டரையும் கழற்ற வேண்டும். எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் கரன்ட் பெட்டி வழியே பாய்ந்து அதைப் பொசுக்கலாம். அந்த வெல்டர் தம்பியைத் திட்டாதீர்கள். அவனுக்குப் புரிகிற தமிழில், பட்டறைச் சுவரில் ஒட்டுகிற மாதிரி ஒரு தாளில் எழுதித் தர எந்தக் கம்பெனிக்கு மனசு வந்தது?

விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸையும் ரிப்பேர் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? கோர்ட்டுக்குப் போனார்கள். 2022 டிசம்பரில் மத்திய அரசு 'ரிப்பேர் செய்யும் உரிமை'க்கு ஒரு இணையதளமே தொடங்கியது. ரொம்ப சந்தோஷம். ஆனால் புதுப் பெட்டியை மாட்டி, சாவியோடு அதைச் சேர்த்துவைக்கிற சாஃப்ட்வேர் பூட்டு இன்னும் கம்பெனி கையில்தான். காசு கொடுத்து வாங்கிய வண்டி நம்முடையது, அதன் நோய் விவரம் மட்டும் அவர்களுடையதா?

மாட்டிப் பார்த்த எலக்ட்ரானிக் பார்ட்டைப் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். எனவே அடுத்த தடவை தலையாட்டும் முன், என்ன கோடு வந்தது, பேட்டரி எத்தனை வோல்ட், எர்த் சோதித்தார்களா என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பழைய பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். அதைத் திறந்து, விட்டுப்போன சால்டரைப் பிடித்து உயிர் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். தர மாட்டேன் என்றால், கவுன்ட்டரை விட்டு நகராமல் ஏன் என்று கேளுங்கள்.