நிலவும் மூக்குக்கண்ணாடியும்

ழான்-டொமினிக் போபியின் நூலைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நண்பர்கள் வியப்பது ஒன்றைத்தான்: இடது கண்ணிமையை மட்டும் அசைத்து ஒரு மனிதர் புத்தகமே எழுதிவிட்டாரே! பிறகு மன உறுதி, தன்னம்பிக்கை என்று பேச்சு வழக்கமான திசையில் போய்விடும். எனக்கு இந்த வியப்பில் உடன்பாடில்லை. அந்நூல் நோயாளியைப் பற்றிச் சொல்வதைவிட, அவருடைய கட்டிலருகே வந்து நிற்கும் நம்மைப் பற்றிச் சொல்வதே அதிகம் என்று தோன்றுகிறது.

போபி 'எல்' பத்திரிகையின் பிரெஞ்சுப் பதிப்புக்கு ஆசிரியராக இருந்தவர். 1995 டிசம்பரில், 43 வயதில், மூளைத்தண்டைத் தாக்கிய பக்கவாதம் அவரை முற்றாக முடக்கிற்று. அறிவும் நினைவும் மட்டும் பழையபடியே. வட பிரான்சின் பெர்க் கடற்கரையில் ஒரு மருத்துவமனை அறை. பிரெஞ்சில் அதிகம் புழங்குவதை முதலில் வைத்து அடுக்கிய எழுத்துகளை எதிரிலிருப்பவர் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். உரிய எழுத்து வந்ததும் அவர் இமைப்பார். க்ளோத் மாந்திபில் அப்படித்தான் நூல் முழுவதையும் எழுதியெடுத்தார். 1997 மார்ச்சில் நூல் வெளியான சில நாட்களில் போபி இறந்தார்.

மூக்குக்கண்ணாடிக்குப் பிரெஞ்சில் 'லுனெத்'. அதன் முதல் பாதி நிலவைக் குறிக்கும் 'லூன்'. போபி கண்ணாடி கேட்கத் தொடங்கியபோது, சொல் முடியுமுன், நிலவை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார்களாம். சிரிப்பு வருகிறது. இன்னொன்றுக்குச் சிரிக்க முடியவில்லை: அவர் கால்பந்து ஆட்டத்தில் ஆழ்ந்திருக்கையில், பாதி ஆட்டத்தில் ஒருவர் தொலைக்காட்சியை அணைத்து 'இரவு வணக்கம்' சொல்லிப் போய்விடுகிறார். கை கால் முடங்கியதைவிட அந்த இரவுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது.

இந்நிலையில் வாழும் பிரெஞ்சுச் சங்கமொன்றின் உறுப்பினர்களைப் பெல்ஜிய ஆய்வாளர்கள் வினவி, முடிவுகளை 2011இல் வெளியிட்டார்கள். கணக்கில் கொண்ட 65 பேரில் 47 பேர் தாங்கள் மகிழ்ச்சியாக இருப்பதாகவே சொன்னார்கள். கேள்விகள் அனுப்பப்பட்ட பலர் பதிலளிக்கவே இல்லை என்பதால் இந்த எண்ணை நான் தலைமேல் வைத்துக் கொண்டாட மாட்டேன். ஆனால் ஆண்டுகள் கூடக்கூட மகிழ்ச்சி என்றவர்கள் கூடினார்கள். மகிழ்ச்சியில்லை என்றவர்களிடம் பதற்றமும், வெளியே சென்றுவர இயலாத குறையும், பேச்சு மீளாத குறையும் தென்பட்டன. அந்த மூன்றில் வெளியே அழைத்துச் செல்வது நம் கையில் இருக்கிறது. பேச்சு மீளாவிட்டாலும், எழுத்து எழுத்தாகக் கேட்டுக்கொண்டிருப்பதும் நம் கையில்தான். 'இப்படி வாழ்வதைவிட...' என்று நாம் முடிக்காமல் விடும் வாக்கியத்தில் இவற்றுக்கு இடமே இல்லை.

என் பெரியப்பா பக்கவாதத்துக்குப் பின் நான்கு ஆண்டுகள் இருந்தார். பேச்சு வரவில்லை. ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தவர்கள், அவர் முன்னாலேயே, பெரியம்மாவிடம் "சாப்பிடுகிறாரா? ஆள் தெரிகிறதா?" என்று கேட்டார்கள். நான் அப்படிக் கேட்டதில்லை என்ற பெருமை எனக்கு இருந்தது. ஒருநாள் அவர் இடது கையை நீட்டி ஏதோ காட்டினார். தண்ணீர் என்று நானே முடிவுசெய்து புகட்டினேன். மறுக்காமல் குடித்தார். குடித்து முடித்ததும் மீண்டும் அதே திசையில் கை நீண்டது. அங்கே சொம்புக்கு அப்பால் மூடிய ஜன்னலும் இருந்தது.