கடவுளை நீக்கினார்கள்; ஜனங்களையுமா?

இரண்டு மகா யுத்தங்களில் ஒருவரையொருவர் கொன்று தீர்த்த ஐரோப்பிய தேசங்கள், இனி ஒரே சட்டத்தின் கீழ் வாழலாமென்று எண்ணியது மெச்சத்தக்க காரியமேயாகும். இதற்காக 25 தேசத்தார் 2004-ம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதி ரோமாபுரியில் கூடி ஓர் அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டார்கள்.

அதன் முகவுரையில் கிறிஸ்து மதத்தைக் குறிப்பிட வேண்டுமென்று போப்பும், போலந்து முதலிய தேசங்களும் மன்றாடிப் பார்த்தும், பிரான்சு இணங்கவில்லை. முடிவில் மத பாரம்பரியம் என்று பொதுவாக ஒரு வார்த்தையோடு சரி; கடவுள் பெயர் இல்லை. இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் கடவுளை வெளியே நிறுத்தினால் மட்டும் போதுமா? 2005-ல் அச்சட்டம் வேண்டாமென்று பிரான்சில் ஓட்டுச் செய்தவர்களில் 100-க்குச் சுமார் 55 பேரும், ஹாலந்தில் 61 பேருக்கு மேலும் சொன்னார்கள். தலைவர்கள் என்ன செய்தார்கள்? அரசியல் சட்டமென்ற பெயரையும், கொடி, கீதம் ஆகியவற்றையும் எடுத்துவிட்டு, பழைய சரக்கில் பெரும்பாகத்தை 2007-ல் லிஸ்பன் ஒப்பந்தமென்று கொண்டுவந்தார்கள். இம்முறை அவ்விரு தேசத்து ஜனங்களையும் கேட்கவே இல்லை, பார்லிமெண்டுகளே ஒப்புக்கொண்டன. கேட்டது அயர்லாந்து ஒன்றே. அங்கும் 2008-ல் மாட்டோமென்றதும், சில உறுதிமொழிகள் கொடுத்து 2009-ல் மறுபடி கேட்டுச் சம்மதம் வாங்கினார்கள்.

"பார்லிமெண்டும் ஜனங்கள் அனுப்பியது தானே" என்று சிலர் கேட்கலாம். அனுப்பியவர்களே நேரில் மறுத்த ஒன்றை, மறுபடி அவர்களைக் கேளாமல் ஏற்க அனுப்பப்பட்டவர்களுக்கு என்ன யோக்கியதை? உனக்கு விளங்காது, நாங்கள் சொல்வதை நம்பு என்பது புரோகிதன் வாதமல்லவா?

ஒற்றுமை வேண்டுமென்பதே நமது அபிப்பிராயமும். ஆனால் பல பாஷை பேசும் ஜனங்களை ஒன்றாகக் கட்டக்கூடியது அவர்களுடைய சம்மதமேயொழிய, மேலிருந்து இறங்கிவரும் சாஸ்திரமல்ல. அச்சாஸ்திரத்தில் கடவுள் பெயர் இல்லாவிட்டாலும் சரியே.