பியோவுல்ஃப் பக்கத்தில் புறநானூறு உட்கார்ந்தால் யாருக்கு இழுக்கு?

மதுரைத் தமிழ் மேடைகளில் ஒரு பேச்சுக்கு எப்போதும் கைதட்டல் உண்டு. புறநானூற்றை ஆங்கிலோ-சாக்சன் வீரப்பாட்டுகளோடு வைத்துப் படிப்பது அடிமைப் புத்தி. நம்முடையது மூத்தது, செம்மையானது. அவர்களுடைய பியோவுல்ஃப் பூதத்தைக் கொல்லும் கதை. ஒப்பிட்டால் நாம்தான் குறைந்துபோவோம். கேட்கத் தமிழ்ப்பற்று போலத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சால் புறநானூற்றுக்கே நட்டம்.

மூத்தது என்பதில் தகராறு இல்லை. புறப்பாடல்களில் பெரும்பகுதி கிறிஸ்து பிறப்பையொட்டிய சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பியோவுல்ஃபின் கிடைத்திருக்கும் ஒரே படியோ ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. சரி, அதனால்? வயதைச் சொல்லிப் பாட்டின் சுவையை நிறுவிவிட முடியாது.

அடிமைப் புத்தி என்பது பொருந்தாத வசை. இந்த ஒப்பீட்டைப் பெரிய அளவில் செய்தவர் ஈழத்துத் தமிழர் க. கைலாசபதி. பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து எழுதிய அவர் நூல் 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. கிரேக்கம், ஐரிஷ், ஆங்கிலோ-சாக்சன் பாட்டுகளுக்குச் சமமாகத் தமிழ்ப் பாணரை உலக அரங்கில் உட்காரவைத்த நூல் அது. இதிலே அடிமைத்தனம் எங்கே?

எதிர்த்தரப்பு சொல்வதில் ஒன்றில் மட்டும் நியாயம் உண்டு. சங்கப் பாடல்கள் எழுத்தறியாப் பாணரின் வாய்மொழிப் பாட்டுகள் என்ற முடிவைக் கைலாசபதி அளவுக்கு மீறி இழுத்தார். மதுரைக்கு அருகே மாங்குளத்துத் தமிழி எழுத்துகள் நெடுஞ்செழியன் பெயரைச் சொல்கின்றன. அந்தச் சமூகம் எழுத்தறிந்த சமூகம். பாணர் மரபை உள்வாங்கிக் கற்றறிந்த புலவர்கள் செய்த பாட்டு என்று ஜார்ஜ் ஹார்ட் 1975இல் திருத்திச் சொன்னதே எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் ஒருவரின் முடிவு பிழைத்ததால் ஒப்பீடே தவறு என்றாகாது. ஹார்ட்டும் ஒப்பிட்டுத்தான் அங்கே வந்து சேர்ந்தார்.

‘பூதக் கதை’ என்பதற்கு டோல்கீன் 1936லேயே பதில் சொல்லிவிட்டார். அதுவரை அறிஞர்கள் பியோவுல்ஃபில் வரலாற்றுத் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டு, பூதங்கள் இடைஞ்சல் என்று முகம் சுளித்தார்கள். முதலில் அதைப் பாட்டாகப் படியுங்கள் என்றார் அவர். நாம் புறநானூற்றுக்குச் செய்வதும் அதே கொடுமைதான். மன்னர் பட்டியல், போர்ப் பட்டியல், தேர்வுக்கு இரண்டு மதிப்பெண்.

ஒப்பிட்டால் குறைந்துபோவோமா? மால்டன் போர்ப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 991இல் வைக்கிங்குகளோடு நடந்த சண்டையில் தலைவன் பிரிட்நாத் விழுகிறான். சிலர் ஓடுகிறார்கள், ஒருவன் தலைவனின் குதிரையிலேயே ஏறி ஓடுகிறான். மற்றவர்கள் நின்று சாகிறார்கள். செஞ்சோற்றுக் கடன் தெரிந்த நமக்கு இது அந்நியமே இல்லை. இதைப் படித்துவிட்டுக் கோப்பெருஞ்சோழனோடு வடக்கிருந்து உயிர்விட்ட பிசிராந்தையாரிடம் வாருங்கள். அவர் சோழனின் படைவீரர் அல்லர், குடிமகனும் அல்லர். பாண்டி நாட்டுப் புலவர். அவரைக் கொண்டுவந்தது நட்பு. நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் நடுவே நின்று போரை நிறுத்தப் பேசிய கோவூர் கிழார் போன்ற ஒரு புலவர், எஞ்சியிருக்கும் ஆங்கிலோ-சாக்சன் பாட்டில் இல்லை. ஒளவையார், ஒக்கூர் மாசாத்தியார் எனப் பெயர் சொல்லும் பெண்புலவர் வரிசையும் அங்கே இல்லை. பியோவுல்ஃபைப் பாடியவர் பெயரே தெரியாது. புறநானூற்றின் தனித்தன்மை பக்கத்தில் இன்னொன்றை வைக்கும்போதுதான் துலங்குகிறது.

மண்ணும் இதைத்தான் சொல்கிறது. 1939இல் சட்டன் ஹூவில் கப்பலோடு புதைத்த ஈமக்குழியைத் தோண்டியபோது, பியோவுல்ஃப் பாடிய தலைக்கவசமும் பொன்னும் வெறும் கற்பனை அல்ல என்று தெரிந்தது. நமக்கு அந்த உறுதியைத் தந்தது 2006இல் தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகல். கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், இறந்தவனுக்கு நட்ட கல் என்று தமிழியில் சொல்கிறது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கோவலன் வெட்டுண்ட இடமென்று ஊர் சொல்லும் கோவலன் பொட்டல் நம் மதுரைப் பழங்காநத்தத்தில்தான் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது அங்கே ஈமத்தாழிகள் வெளிப்பட்டன. தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய் என்று குயவனிடம் கேட்கும் பெண் புறநானூற்றில் இருக்கிறாள். பியோவுல்ஃபுக்கோ சிதை, அதன்மேல் கடலோரத்தில் மேடு, அதைச் சுற்றிப் புகழ்பாடி வரும் பன்னிரண்டு குதிரை வீரர்கள். அங்கே சாவு ஒரு கூட்டத்தின் சடங்கு. இங்கே குயவனுக்கும் ஒருத்திக்கும் இடையிலான பேச்சு. எனக்கு இதுதான் பெரிய கவிதை. ஆனால் அதையும் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஆங்கில இலக்கியம் படிக்கும் நம் பிள்ளைகள் பியோவுல்ஃபை இலக்கிய வரலாற்றுத் தாளில் ஒரு பத்தியாகக் கடக்கிறார்கள். தமிழ் இலக்கியம் படிப்பவர்களில் பலர் அந்தப் பெயரைக் கேட்காமலே பட்டம் வாங்குகிறார்கள். மதுரைக் கல்லூரிகளில் இரண்டு துறைகளும் கூடி ஒரு விருப்பப் பாடம் வைக்கட்டும். மால்டன் பாட்டில் எஞ்சியிருப்பது 325 வரிகள்தான். அதோடு முப்பது புறப்பாடல்களைச் சேர்த்தாலும் ஒரு பருவத்துக்குள் முடித்துவிடலாம்.