யாருக்காக இந்த ஆய்வறிக்கைகள்?

அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் சட்டமன்றம் இல்லை. நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினர். மற்றபடி ஆட்சி முழுவதும் ஒன்றிய அரசு அமர்த்தும் துணைநிலை ஆளுநரின் கையில். தமிழகத்தில் ஓர் அணைக்கோ சாலைக்கோ அரசு ஓர் அறிக்கை தயாரித்தால், பேரவையில் எழுந்து அதைக் கேள்விக்குள்ளாக்க உறுப்பினர்கள் உண்டு. ஜங்லிகாட் கரையின் மீன்பிடித் தொழிலாளிக்கு அந்த மன்றம் இல்லை. காம்ப்பெல் வளைகுடாவில் குடியமர்த்தப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பத்துக்கும் நிக்கோபாரி பழங்குடியினருக்கும் அதே நிலைதான். 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 3.8 லட்சம் மக்கள் வாழும் இத்தீவுகளில் ஏழில் ஒருவருக்குத் தாய்மொழி தமிழ். அவர்களின் மொழியிலும் அந்தக் கேள்வியை எழுப்ப இடமில்லை.

இத்தகைய இடத்தில் ‘பொதுக்கொள்கை ஆய்வு’ வெறும் காகிதமன்று. சட்டமன்றம் இருக்க வேண்டிய இடத்தில் அதுவே அமர்ந்து ஆள்கிறது. எனவே அதை எழுதுபவர் யார், அவர் யாருக்குப் பதில் சொல்கிறார், எந்த மொழியில் சொல்கிறார் என்பவை வர்க்க அரசியலின் கேள்விகள். பெரிய நிக்கோபார் தீவில் நடந்து வருவது இதற்குப் போதிய சான்று.

முடிவு முன்னே, ஆய்வு பின்னே

சரக்குப் பெட்டக மாற்று முனையம், பன்னாட்டு விமான நிலையம், மின்நிலையம், நகரியம் ஆகிய நான்கையும் கொண்ட ‘முழுமையான வளர்ச்சி’த் திட்டத்தை நிதி ஆயோக் வகுத்தது. 72,000 கோடி ரூபாய் மதிப்பில் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்துக்காக 130 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காடு திருப்பிவிடப்படுகிறது. 2011இல் சுமார் 8,000 பேர் வாழ்ந்த தீவில், முப்பதாண்டுகளில் மூன்றரை லட்சம் பேரைக் குடியேற்றுவது நோக்கம். தீவுக்கூட்டம் முழுவதிலும் இருந்த மக்கள்தொகையை ஏறத்தாழ ஒரே தீவில் கொண்டுவந்து இறக்குவதற்கு இது சமம்.

தேதிகளை வரிசைப்படுத்தினாலே உண்மை வெளிப்படும். கலாத்தியா விரிகுடா வனவிலங்குச் சரணாலயத்தின் அறிவிக்கை நீக்கத்துக்குத் தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு ஒப்புதல் வழங்கியது 2021 ஜனவரியில். அவ்விரிகுடா கடலாமைகள் முட்டையிடும் முக்கியத் தலம் என்று குறிப்பிட்ட தேசியச் செயல்திட்டத்தை அதே ஒன்றிய அரசு வெளியிட்டதும் அதே ஜனவரியில்தான். நிதி ஆயோக்கிற்காகத் தனியார் ஆலோசனை நிறுவனம் தயாரித்த முன்சாத்தியக்கூறு அறிக்கையோ 2021 மார்ச்சில்தான் வந்தது. திட்டம் சாத்தியமா என்று ஆராய்வதற்கு முன்பே சரணாலயத்தின் காப்பு அகற்றப்பட்டுவிட்டது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது.

வெட்டப்படவுள்ள மரங்கள் எட்டரை லட்சம் என்றனர், பின்னர் 9.64 லட்சம் என்று நாடாளுமன்றத்தில் கூறினர். ஒரே காட்டுக்கு இரண்டு கணக்கு. இழப்பீட்டுக் காடு வளர்க்க முன்மொழியப்பட்ட இடம் ஹரியானா! வெப்பமண்டல மழைக்காட்டுக்கு ஈடாக வறண்ட நிலத்தில் மரக்கன்றுகள் என்று எழுதத் துணியும் அறிக்கையை ஆய்வு என்று எவ்வாறு அழைப்பது?

ஒப்புதல் என்னும் சடங்கு

2022 ஆகஸ்டில் பழங்குடி மன்றத்திடம் தடையின்மைச் சான்று பெறப்பட்டது. ஆழிப்பேரலைக்கு முன் தாங்கள் வாழ்ந்த ஊர்களும் திட்டப் பரப்புக்குள் வருகின்றன என்பதை அறிந்ததும், அதே ஆண்டு நவம்பர் 22இல் மன்றம் அதைத் திரும்பப் பெற்றது. 2004இல் இடம்பெயர்ந்த அம்மக்கள் பூர்வீக ஊர்களுக்குத் திரும்ப விடுங்கள் என்று இன்றளவும் கோரி வருகின்றனர். 2011 கணக்கெடுப்பில் 229 பேர் மட்டுமே எனப் பதிவான ஷோம்பென் மக்கள் வெளியுலகத் தொடர்பை நாடாதவர்கள். எந்தக் கூட்டத்திலும் அவர்கள் கையுயர்த்தியிருக்க முடியாது. பெருந்திட்டங்கள் வரும்போது ஷோம்பென் நலனுக்கே முன்னுரிமை என்று 2015இல் வகுத்த தன் கொள்கையை அரசே மறந்துவிட்டது.

வன உரிமைச் சட்டத்தின்படி உரிமைகள் யாவும் தீர்வு செய்யப்பட்டன என்று மாவட்ட நிர்வாகம் 2022 ஆகஸ்டில் சான்றளித்தது. 1956ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை இருப்பதால் அச்சட்டத்துக்கே தேவையில்லை என்பது தீவு நிர்வாகத்தின் மற்றொரு வாதம். தேவையே இல்லாத சட்டத்தின்படி உரிமைகளைத் தீர்த்துவைத்தது எப்படி?

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2023 ஏப்ரலில் அமைத்த உயர்நிலைக் குழு இன்னொரு கூத்து. திட்டத்தை வகுத்த நிதி ஆயோக்கின் பிரதிநிதிக்கும், துறைமுகம் கேட்கும் கப்பல்துறை அமைச்சகத்தின் பிரதிநிதிக்கும் அதில் இடமிருந்தது. நிக்கோபாரி மக்களுக்கு இடமில்லை. அக்குழுவின் அறிக்கையும் இரகசியம் என்று பூட்டிவைக்கப்பட்டது.

மொழியும் இங்கே ஒரு பூட்டு. சட்டம் கோருவது சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் தருவதை மட்டுமே. பல நூறு பக்க முழு அறிக்கை ஆங்கிலத்திலேயே கிடக்கலாம். 2020இல் சுற்றுச்சூழல் அறிவிக்கையின் வரைவை எட்டாவது அட்டவணை மொழிகளில் எல்லாம் தர வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டபோது ஒன்றிய அரசு பதறியதை மறக்க முடியாது. நிக்கோபாரி மொழிக்கோ அந்த அட்டவணையிலும் இடமில்லை.

அளந்தவர்களும் அழிந்தவர்களும்

‘ஜங்லி’ என்ற இந்திச் சொல் காட்டுவாசியைக் குறிக்கும். காலனி அதிகாரிகள் தீவின் பூர்வகுடிகளை அந்த வசைப்பெயராலேயே அழைத்தனர். 1858இல் தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பட்டபின், பெரிய அந்தமான் மக்களை அளந்தனர், படம் பிடித்தனர், சொற்பட்டியல் தொகுத்தனர். 1877இல் தட்டம்மை பரவியது. ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். ஆய்வேடுகள் நிறைந்தன, ஆராயப்பட்டவர்கள் அழிந்தனர். நோயெதிர்ப்பாற்றல் அற்ற ஷோம்பென் மக்களுக்கும் அதே கதி நேரும் என்று இனப்படுகொலை குறித்த அறிஞர்கள் 39 பேர் 2024 பிப்ரவரியில் குடியரசுத் தலைவருக்கு எழுதியது வெற்று அச்சத்தால் அன்று.

மக்களுக்குச் சாதகமான ஆய்வு வந்தால் என்ன ஆகும் என்பதையும் இத்தீவு கண்டிருக்கிறது. ஜாரவா காப்புப் பகுதி வழியே செல்லும் அந்தமான் நெடுஞ்சாலைப் பகுதியை மூட வேண்டும் என்று, சேகர் சிங் ஆணைய அறிக்கையின் அடிப்படையில் உச்சநீதிமன்றம் 2002 மே மாதம் ஆணையிட்டது. சாலை இன்றும் திறந்தே கிடக்கிறது. மூலதனத்துக்கு வேண்டிய அறிக்கை மாதங்களில் அனுமதியாகிறது. மக்களுக்கு வேண்டிய அறிக்கை இருபது ஆண்டு கடந்தும் உறங்குகிறது.

பாதுகாப்பும் வேலையும்

எதிர்த்துக் கேட்போரை நோக்கி ‘தேசப் பாதுகாப்பு’ என்று முழங்குகிறார்கள். காம்ப்பெல் வளைகுடாவில் கடற்படையின் ‘பாஸ்’ விமானதளம் 2012 முதல் இயங்குகிறது. அதை எவரும் எதிர்க்கவில்லை. சரக்குப் பெட்டக வணிகமும் சுற்றுலா நகரியமும் எந்த எல்லையைக் காக்கும் என்பதே கேள்வி.

வேலை வரும் என்பது இரண்டாவது வாக்குறுதி. ஜங்லிகாட்டின் உழைக்கும் இளைஞர்களை ஈர்க்கக்கூடிய வாக்குறுதி இது. ஏளனம் செய்து தள்ளக்கூடாது. ஆனால் கச்சால் தீவை நினைவில் கொள்ள வேண்டும். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்கள் அங்கே ரப்பர்த் தோட்டத் தொழிலுக்குக் குடியமர்த்தப்பட்டனர். 2004இல் ஆழிப்பேரலை அத்தீவைச் சூறையாடியது. தோட்டத்தை நடத்திய அரசுக் கழகத்தை மூட 2017இல் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. பெரிய நிக்கோபாரிலும் 1969 முதல் தமிழர் உள்ளிட்ட முன்னாள் படைவீரர்கள் அரசின் அழைப்பை நம்பியே குடியேறினர். விமான நிலையத்துக்காக இன்று கேட்கப்படுவது அவர்களின் நிலமும்தான். பழங்குடியினரும் குடியேறியவர்களும் எதிரிகள் அல்லர். ஒரே அறிக்கையால் வெளியேற்றப்படுவோர்.

மாற்று உண்டு

கேரளத்தில் 1996இல் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. ஒவ்வொரு ஊராட்சியும் தன் நீரையும் நிலத்தையும் தொழிலையும் தானே ஆராய்ந்து, தன் மொழியில் வளர்ச்சி அறிக்கை எழுதியது. ஆய்வுக்கு உட்படுபவரே ஆய்வாளராகவும் இருக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே உள்ள சான்று அது.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. உயர்நிலைக் குழுவின் அறிக்கையை வெளியிடு. தாக்க அறிக்கைகள் அனைத்தையும் தமிழ், வங்கம், தெலுங்கு, இந்தி, நிக்கோபாரி மொழிகளில் முழுமையாகத் தா. பழங்குடி மன்றம் திரும்பப் பெற்ற ஒப்புதலைச் செல்லாதது என ஏற்றுக்கொள். வன உரிமைச் சட்டத்தை நடைமுறைப்படுத்து. அதுவரை வேலைகளை நிறுத்து. தீவு மக்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் வழங்கு.

அரசு தரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அறிக்கையின் பக்கங்களைத் தமிழாக்கி, ஜங்லிகாட் மீன் இறங்குதளத்தில் உரக்கப் படித்து விவாதிக்கும் பணியைக் கட்சிக் கிளைகள் இன்றே தொடங்கலாம். தன் வாழ்வைப் பற்றி எழுதப்பட்டதைத் தன் மொழியில் படித்துவிட்ட தொழிலாளியிடம் ‘முழுமையான வளர்ச்சி’ என்ற சொல்லை மட்டும் காட்டி ஒப்புதல் பெற முடியாது.