வீட்டுல யாருக்குக் காது மந்தமோ, அவருக்காக ஸ்பீக்கர் செட் பண்ணுங்க

1. காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட வந்து ஸ்பீக்கர் பத்தி யாராவது பேசுவாங்களா? பேசுறாங்க. "அப்பாவுக்காக புதுசா ஸ்பீக்கர் வாங்கினேன் டாக்டர். ரெண்டே நாள்ல 'சத்தம்தான் வருது, பாட்டு வரல'ன்னு ஆஃப் பண்ணி வச்சிட்டாரு. காதைக் கொஞ்சம் பாருங்க." வேற வேற குடும்பம், ஆனா அதே வசனம். அதான் இந்த நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2. ஒருத்தரைப் பத்தி சொல்றேன் (அடையாளங்களை மாத்தியிருக்கேன்). எழுபது வயசைத் தாண்டினவர், பழைய பாட்டுன்னா உயிர். ஹால்ல டிவிக்குக் கீழ சவுண்ட்பார், மூலையில சப்வூஃபர். அவர் உட்கார்றது பதினாறு அடி தள்ளி, ஜன்னலோரம். என்கிட்ட சொன்னாரு: "பையன் ஆசையாத்தான் வாங்கினான் டாக்டர். எனக்குத்தான் குடுத்து வைக்கல." பக்கத்துல நின்ன பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

3. தப்பு அவர் மேலயும் இல்ல, ஸ்பீக்கர் மேலயும் இல்ல. அந்த செட்டை யாரோட காதை வச்சு சரி பார்த்தாங்க? கடைக்காரரோட காது, பையனோட காது. ரெண்டுமே இளங்காது. என் கருத்து இதுதான்: வீட்டுல இருக்குறதுலயே யாருக்குக் காது மந்தமோ, அவரோட நாற்காலியில இருந்து ஆரம்பிச்சு செட் பண்ணணும். அவருக்குத் தெளிவா கேட்டா மத்த எல்லாருக்கும் கேட்கும். எதிர்ப்பக்கத்துல இருந்து ஆரம்பிச்சா அவருக்கு மட்டும் கேட்காது.

4. ஏன்னு புரிஞ்சுக்கணும். வயசாகும்போது காது மொத்தமா ஒரே அளவுல மங்காது. கீச்சுன்னு மேல இருக்குற ஒலிகள்தான் முதல்ல போகும். பேச்சுல 'அ', 'ஆ', 'ஓ' மாதிரி உயிரொலிகள் கீழ்ப்பக்கம். சத்தத்தைக் குடுக்குறது அதுதான். 'ச', 'ஸ', 'த', 'க' மாதிரி மெய்யொலிகள் மேல்பக்கம். தெளிவைக் குடுக்குறது அது. அதனாலதான் 'படம்', 'தடம்', 'கடம்' மூணும் அவங்களுக்கு ஒண்ணு மாதிரி விழுது. சத்தம் வருது, சொல் வரல. அந்தப் பெரியவர் சொன்னது அட்சரசுத்தமான மருத்துவ விவரம்!

5. இப்ப அந்தக் காதுக்கு முன்னாடி ஒரு சப்வூஃபரை வச்சா? கனமான கீழ் ஒலி, மெல்லிசான மேல் ஒலியை மூடிடும். இது காதோட இயல்பு. ஏற்கெனவே மங்கலா கேக்குற வரிகள் மேல போர்வை போத்துற மாதிரி. முதல் வேலை: பேஸ் பூஸ்ட்டை ஆஃப் பண்ணுங்க. ஈக்வலைசர்ல பேஸைக் குறைங்க, ட்ரெபிளைக் கொஞ்சம் ஏத்துங்க. இதுக்கு அஞ்சு பைசா செலவில்ல.

6. "அப்ப வால்யூமைக் கூட்டினா போதாதா?" போதாது. உள்காது பாதிப்புல ஒரு விசித்திரம் உண்டு. மெதுவான சத்தம் கேட்காது; ஆனா கொஞ்சம் கூடினா சட்டுன்னு தாங்க முடியாத சத்தமா மாறிடும். "சத்தமா பேசு"ன்னு சொல்லுவாங்க, பேசினா "ஏன்டா கத்துற?"ன்னு கோவப்படுவாங்க. உங்க வீட்டுலயும் நடந்திருக்கும். வேணும்னு பண்றது இல்லைங்க அது. அவங்க காதுல 'கேட்கல'க்கும் 'வலிக்குது'க்கும் நடுவுல இருக்குற இடம் சுருங்கிடுச்சு.

7. அப்ப என்ன வழி? வால்யூமைத் தொடாம, தூரத்தைக் குறைங்க. திறந்தவெளியில தூரம் பாதியானா, நேரா வர்ற ஒலி 6 டெசிபல் கூடும். பதினாறு அடியில இருக்குறதை நாலு அடிக்குக் கொண்டு வந்தா 12 டெசிபல். அறைக்குள்ள சுவர் எதிரொலியும் சேர்றதால மொத்தக் கணக்கு இவ்வளவு சுத்தமா வராது. ஆனா காதுக்குத் தெளிவு குடுக்குறது நேரா வர்ற அந்த ஒலிதான்.

8. நம்ம ஊர் ஹாலைக் கொஞ்சம் பாருங்க. கீழ டைல்ஸ், நாலு பக்கமும் பூச்சுச் சுவர், மேல கான்கிரீட். நடுவுல நின்னு ஒரு தடவை கை தட்டுங்க. 'டங்'னு இழுத்தா, பாட்டும் அப்படித்தான் இழுபட்டுக் குழம்பும். இளங்காது அதுல இருந்து சொல்லைப் பிரிச்செடுத்துரும், வயசான காதுக்கு அது கஷ்டம். கனமான திரைச்சீலை, தரையில ஜமுக்காளம், புத்தக அலமாரி, துணி சோஃபா. இதுல ரெண்டு இருந்தாலே வித்தியாசம் தெரியும்.

9. வைக்குற இடம். மேல் ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி நேராப் போகும். ஸ்பீக்கர் பரண் மேலயோ, சோஃபாவுக்குப் பின்னாடியோ இருந்தா அது வேற எங்கேயோ போயிடும். உட்கார்ந்தவர் காது உயரத்துல, அவரைப் பார்த்து வைங்க. மூலையில வைக்காதீங்க, சுவரோட ஒட்டவும் வைக்காதீங்க. ரெண்டுமே 'தொம் தொம்'மைக் கூட்டும். ஒரு காது மட்டும் நல்லா கேக்குதா? அந்தப் பக்கமா வைங்க.

10. எந்த ஸ்பீக்கர்? கம்பெனி பேர் சொல்ல மாட்டேன். பெரிய 5.1 செட்டை விட, நாற்காலிக்குப் பக்கத்துல ஒரு நல்ல சின்ன ஸ்பீக்கர் அவருக்குப் பிரயோஜனம். ஸ்டீரியோ ஜோடியில ஒண்ணை மட்டும் பக்கத்துல வச்சு, இன்னொண்ணை எட்டத்துல வச்சிடாதீங்க. பழைய ஸ்டீரியோ பாட்டுல ஒரு பக்கம் தபலா, ஒரு பக்கம் வயலின். பாதிப் பாட்டு காணாம போயிடும். ரெண்டும் வேணும்னா நாற்காலியில இருந்து சம தூரத்துல வைங்க.

11. வீட்டுல பழைய ஹோம் தியேட்டர் தூசி படிஞ்சு கிடக்கா? தூக்கிப் போடாதீங்க. பின்னாடி சிவப்பு, வெள்ளை துளை இருந்தா அதுல சொருகுற சின்ன ப்ளூடூத் ரிசீவர் கிடைக்குது. பழைய செட் போன்ல இருந்து பாட ஆரம்பிச்சிடும்.

12. ப்ளூடூத்தா, வைஃபையா? ப்ளூடூத்ல பாட்டு உங்க போன்ல இருந்து போகுது. உங்களுக்குப் போன் வந்தா அப்பாவோட பாட்டு நிக்கும். நீங்க கடைக்குக் கிளம்பினா பாட்டும் உங்களோட கிளம்பிடும். வைஃபை ஸ்பீக்கர் பாட்டைத் தானே இன்டர்நெட்ல இருந்து எடுத்துக்கும். பெரும்பாலும் போன் வெறும் ரிமோட்தான். பெரியவங்களுக்கு வைஃபைதான் நிம்மதி. கரண்ட் போனா நிக்காம இருக்க ரவுட்டரை இன்வெர்ட்டர் லைன்ல போடுங்க.

13. அதே ஸ்பீக்கரை டிவிக்கும் வச்சீங்கன்னா, வயர்ல இணைங்க. ப்ளூடூத்ல ஒலி கொஞ்சம் தாமதமா வரலாம். நமக்கு அது சின்ன எரிச்சல். ஆனா காது மந்தமானவங்க தங்களுக்கே தெரியாம உதட்டைப் பார்த்துத்தான் பாதி வார்த்தையைப் புரிஞ்சுக்கிறாங்க. உதடு ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம் போனா அந்தத் துணையும் போச்சு.

14. ஆப்ல என்ன மாத்தணும்? நார்மலைசேஷன்னு ஒரு வசதி ஸ்பாட்டிஃபைல இருக்கு. ஆப்பிள் மியூசிக்ல சவுண்ட் செக்னு பேரு. அதை ஆன் பண்ணுங்க. 60கள்ல பதிவான பாட்டு மெதுவா இருக்கும்; அடுத்து வர்ற புதுப் பாட்டு அலறும். இது ரெண்டையும் சமப்படுத்தும். 6-வது பாயிண்ட்ல சொன்ன காதுக்கு இது எவ்வளவு முக்கியம்னு யோசிங்க.

15. லாஸ்லெஸ்ஸுக்குக் கூடுதல் காசு? ரசிகர்கள் என்னை அடிக்க வருவாங்க, பரவாயில்ல. 70 வயசுக் காதுல பெரும்பாலும் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல ரொம்பக் கொஞ்சம்தான் கேக்கும். அவருக்கு 320 கேபிபிஎஸ் தாராளம். டேட்டா கணக்கு: மணிக்கு 144 எம்பி, தினம் மூணு மணி நேரம்னா மாசம் கிட்டத்தட்ட 13 ஜிபி. அந்தக் காசுல ஒரு ஜமுக்காளம் வாங்குங்க.

16. இனி மனசு சம்பந்தப்பட்டது. சரிகம கார்வான் 2017ல வந்தப்ப இளவட்டம் சிரிச்சாங்க: "போன்லயே எல்லாப் பாட்டும் இருக்கே, இது எதுக்கு?" பெரியவங்க சந்தோஷமா வச்சுக்கிட்டாங்க. ஏன்? அதுல திருகு இருந்துச்சு, பட்டன் இருந்துச்சு. யாரையும் கூப்பிடாம தன் பாட்டைத் தானே போட்டுக்கலாம். ஒவ்வொரு பாட்டுக்கும் "தம்பி, இதைக் கொஞ்சம் மாத்திக் குடுப்பா"ன்னு கேக்குறவர் நாலாவது நாள் கேக்க மாட்டார். கேட்கக் கூச்சப்பட்டுக்கிட்டே சும்மா உட்கார்ந்திருப்பார்.

17. அதனால கையால தொட்டு உணர்ற வால்யூம் பட்டன் இருக்குற ஸ்பீக்கரா பாருங்க. அவருக்குன்னு தனி ப்ளேலிஸ்ட், பேர் பெரிய எழுத்துல. செட் பண்ணி முடிச்சதும் நீங்க எழுந்து போங்க, அவரே ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும். அதுவரைக்கும் செட்டிங் முடியலன்னு அர்த்தம்.

18. இப்ப நல்ல காது இருக்குறவங்களுக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட வரம்பு: பெரியவங்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83னா 20 மணி, 86னா 10 மணி, 89னா வாரத்துக்கே 5 மணி நேரம்தான். மீட்டர் இல்லையா? கை நீட்டுற தூரத்துல இருக்குறவர்கிட்ட குரலை உயர்த்தித்தான் பேச முடியுதுன்னா, 85ஐத் தாண்டியாச்சு.

19. உள்காதுல ஒலியை உணர்ற ரோம செல்கள் ஒரு காதுக்குப் பதினைந்தாயிரம் சொச்சம்தான். செத்தா திரும்ப முளைக்காது. பாதுகாப்பில்லாம பாட்டு கேக்குறதால 12 முதல் 35 வயசுக்குள்ள 100 கோடிக்கும் மேற்பட்டவங்க ஆபத்துல இருக்காங்கன்னு அதே நிறுவனம் எச்சரிக்குது. ஆப்ல அதிகபட்ச வால்யூமுக்கு வரம்பு போடுங்க. தொட்டில் குழந்தை இருந்தா ஸ்பீக்கரை ஏழு அடி தள்ளி, மெதுவா.

20. "அப்பாவுக்கு ஒரு ஹெட்போன் மாட்டி விட்டா முடிஞ்சதே?" சில நேரம் சரிதான். ராத்திரி டிவிக்கு நானே சொல்றேன். ஆனா நாள் முழுக்க அதுதான்னா, ஹால்ல இருந்துக்கிட்டே அவர் ஹால்ல இல்ல. பேரப்பிள்ளை கூப்பிட்டாலும் கேட்காது. ஏற்கெனவே காது அவரைக் கொஞ்சம் கொஞ்சமா வீட்டுப் பேச்சுல இருந்து தள்ளிக்கிட்டிருக்கு, நாமளும் சேர்ந்து தள்ள வேண்டாம்.

21. முக்கியமானது: ஸ்பீக்கர் காதுகேட்கும் கருவி ஆகாது. பாட்டு புரியலன்னா முதல்ல காதைக் காட்டுங்க. சில பேருக்கு வெறும் குறும்பிதான், எடுத்தா சரியாயிடும். இல்லன்னா கேட்கும் திறன் பரிசோதனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்லயும் பண்றாங்க. மறதி நோய்க்கான, நாம மாத்தக்கூடிய காரணிகள் பட்டியல்ல காது மந்தத்தையும் லான்செட் ஆணையம் 2024லயும் வச்சிருக்கு. "வயசானா அப்படித்தான்"னு விடாதீங்க. கருவி மாட்டியிருந்தா, பாட்டுக்குன்னு தனி செட்டிங் இருக்கான்னு ஆடியாலஜிஸ்ட்கிட்ட கேளுங்க.

22. ஒரு காது திடீர்னு, ஒரே நாள்ல அடைச்ச மாதிரி ஆகி கேட்காம போச்சா? அது அவசரம். "சளியா இருக்கும், பார்ப்போம்"னு வாரக்கணக்குல இருக்காதீங்க. அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.

23. அந்தப் பெரியவருக்கு ரெண்டு காதுலயும் மிதமான குறைபாடு இருந்துச்சு. கருவி பொருத்தினோம். பையன் சப்வூஃபரை ஆஃப் பண்ணி, ஜன்னலோரம் நாற்காலி பக்கத்துல ஒரு சின்ன ஸ்பீக்கர் வச்சான். அடுத்த தடவை வந்தப்ப கேட்டேன், "ஐயா, இப்ப பாட்டு கேக்குதா?" "பாட்டு கேக்குது டாக்டர். பாட்டுக்கு நடுவுல என் வீட்டுக்காரி என்னைத் திட்டுறதும் கேக்குது"ன்னாரு. அந்தம்மா சிரிச்சாங்க.

24. இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு வேலை பண்ணுங்க. அப்பாவோ அம்மாவோ வழக்கமா உட்கார்ற இடத்துல நீங்க போய் உட்காருங்க. ஒரு பாட்டு முழுசா கேளுங்க. அப்புறம் அவங்களை உட்கார வச்சு, "வரி புரியுதா?"ன்னு கேளுங்க. "சத்தம் போதுமா?"ன்னு கேக்காதீங்க. பதில் 'இல்ல'ன்னா, முதல்ல நகர வேண்டியது ஸ்பீக்கர். அடுத்து, அவங்களைக் கூட்டிக்கிட்டு நீங்க.