பழுதுபார்க்க வழி எங்கே?

இங்கிலாந்தில் கல்ஹம் என்னும் சிற்றூரை அடுத்து நாற்பதாண்டுகள் இயங்கிய ஜெட் என்ற அணுக்கருப் பிணைவு உலை, 2023 அக்டோபரில் 0.2 மில்லிகிராம் எரிபொருளிலிருந்து 69 மெகாஜூல் சக்தியை விளைவித்த செய்தியைப் பத்திரிகைகள் வெகு விமரிசையாக வெளியிட்டன. 1998இல், அதற்கு முந்திய ஆண்டின் பரிசோதனைகளால் கதிரியக்கம் ஏறிப்போன அதே உலையினுள், மனிதர் ஒருவரும் காலடி வைக்காமலே, அடித்தளத்தில் கழிவை வெளியேற்றும் டைவர்ட்டர் என்னும் அமைப்பின் பாகங்களைக் கழற்றி வேறு பாகங்களைப் பொருத்தி முடித்ததைப் பற்றிப் பேசுவார் அதிகமில்லை. தூரத்து அறையில் அமர்ந்தவர் இயக்க, மாஸ்காட் என்னும் இரு கை யந்திரம் உள்ளே வேலை செய்தது. அது தொட்ட பொருளின் எதிர்ப்பை அவர் தம் கைகளிலேயே உணர்ந்தார். எமது அபிப்பிராயத்தில், பிணைவு மின்சாரத்தின் வருங்காலத்துக்கு 69 மெகாஜூலைக் காட்டிலும் அந்தக் கைத்திறனே முக்கியமானது.

பிணைவில் பிறக்கும் நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லாமையால் எத்தகைய காந்தமும் அதைத் தடுத்து நிறுத்தாது. அது சுவரைத் தாக்கி, உலோகத்தைச் சிதைத்து, கதிரியக்கத்தையும் ஏற்றிவிடுகிறது. ஆகவே உட்சுவரை மாற்றுவது என்றோ நேரும் விபத்துக்குப் பரிகாரமன்று. மின்நிலையம் உயிரோடிருக்கும் வரை சில ஆண்டுகளுக்கொருமுறை செய்தே தீரவேண்டிய நித்திய கருமம். பிரான்சில் நிர்மாணமாகிவரும் ஈட்டர் உலையின் டைவர்ட்டர் மட்டுமே சுமார் 10 டன் எடையுள்ள 54 பெட்டிகளாலானது. அதற்குப் பின் ஐரோப்பியர் உத்தேசித்துள்ள டெமோ மின்நிலையத்திலோ, வாழைப்பழம்போல் வளைந்த, பல பத்து டன் எடையுள்ள சுவர்த் துண்டங்களைக் குறுகிய மேல்வாயில் வழியே, எதன்மீதும் உரசாமல், தூக்கியெடுக்க வேண்டும். அதற்குமுன் குளிர்விக்கும் குழாய்களை அறுக்கவும், பின் மீண்டும் பற்றவைக்கவும் வேண்டும். நியூட்ரான் பட்ட எஃகினுள் ஹீலியம் சேர்வதால் அந்தப் பற்றவைப்பு எளிதில் நிலைப்பதில்லை என்பது இன்னொரு சங்கடம்.

முதலில் பிணைவு வெற்றி பெறட்டும், பராமரிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வோர் உண்டு. ஆனால் உலையின் காந்தங்களைச் சுற்றிலும் நிறுத்திவிட்ட பின் வாயிலை அகலமாக்க யாரால் முடியும்? ஈட்டரில் 2022இல் குழிக்குள் இறக்கிய வெற்றிடக் கலத்தின் ஒரு பகுதியைக் குறைகளின் நிமித்தம் மறு ஆண்டே வெளியே தூக்க நேர்ந்தது. கதிரியக்கம் சிறிதும் இல்லாத, மனிதர் தாராளமாக நடமாடக்கூடிய இடத்திலேயே இந்தப் பாடு என்றால், மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை.

மின்நிலையங்களின் வரைபடங்களை இறுதியாக்குமுன், முழு அளவும் முழு எடையும் கொண்ட மாதிரித் துண்டங்களைத் தொலைவிலிருந்தே பலமுறை கழற்றி மாட்டிக் காட்டவேண்டும். எத்தனை நாள் பிடித்தது என்பதையும் பகிரங்கப்படுத்த வேண்டும். ஈட்டரின் ஏழு பங்காளிகளுள் ஒருவரும், அதன் பிரம்மாண்டமான குளிர்கலத்தைச் செய்தளித்தவருமான இந்தியா, இந்த நிபந்தனையைத் தயக்கமின்றி ஈட்டர் சபையில் எழுப்பவேண்டுமென்று அரசை வற்புறுத்துகிறோம்.